எட்டுக்கட்டுச் சந்தா

மகள் இறந்து ஐம்பத்து மூன்றாம் நாள், அவளோடு படகு ஓட்டிய நினைவு ஒன்று யுகேந்திரனுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.

கனவோ கற்பனையோ அல்ல. துடுப்புப் பிடித்த உள்ளங்கை இன்னும் எரிந்தது. பின்னால் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்த நறுமுகை, "இடது பக்கம் பாறைங்கப்பா, பாத்து!" என்று கத்தியது காதில் இருந்தது. நினைவின் ஓரத்தில் நாள் முத்திரையும் இருந்தது: போன ஞாயிறு, மாலை நான்கு மணி. அந்த நேரத்தில் அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், தன் செக்கிங் மேசையில், குழந்தைச் சட்டைகளுக்கு லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நறுமுகை எங்கும் இல்லை.

நெற்றிப்பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் எட்டுக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் சந்தா. ஒன்றாம் தேதி காலையில் நெற்றிப்பட்டைக்குள் எட்டு விளையாட்டுகள் வந்து இறங்கும். என்னென்ன என்று வரும்வரை தெரியாது. தோட்டத்துக்குள் புகுந்த யானையை விரட்டுவது ஒன்று, செவ்வாய்க் கிரகத்தில் புரோட்டாக் கடை நடத்துவது ஒன்று. எட்டில் இரண்டு தேறும். மீதி ஆறும் கல்யாணத் தாம்பூலப் பையில் வரும் பிளாஸ்டிக் டப்பா மாதிரி, எறியவும் மனசு வராது, வைக்கவும் இடம் இருக்காது.

ஆடாத விளையாட்டுகள் வீட்டுக்கு வீடு நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் ஜனங்கள் கணக்குப் பார்த்து, காசு வீண் என்று சந்தாவை நிறுத்தத் தொடங்கினார்கள். அப்போதுதான் நிறுவனம் நிழலாடியைக் கொண்டுவந்தது. நீங்கள் மூன்று முறை ஆடினால் போதும். எங்கே தயங்குவீர்கள், எதற்குச் சிரிப்பீர்கள், எப்படிப் பேசுவீர்கள் என்று கற்றுக்கொண்டு ஒரு நிழல் உருவாகிவிடும். நீங்கள் வேலையில் இருக்கும்போது உங்களுக்குப் பதிலாக அது ஆடும். வீண் நொடிகளைக் கழித்துவிடும். தன்னால் சமாளிக்க முடியாதது ஏதாவது வந்தால் உங்கள் நெற்றிப்பட்டையில் மணியடித்துக் கூப்பிடும். மாலையில் பட்டையைப் பத்து நிமிடம் கட்டிக்கொண்டால் ஆடிய நினைவு முழுதும் உங்கள் தலைக்குள் ஊற்றப்படும். நீங்களே ஆடியதற்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றிருந்த உலகத்துக்கு இது போதாதா? நின்ற சந்தாவெல்லாம் திரும்பி வந்தது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் திரையில் ஒரு கேள்வி எழும்: இந்த மாதக் கட்டு காசுக்குத் தகுந்ததா? எல்லோரும் 'ஆம்' என்று தொட்டார்கள்.

யுகேந்திரன் சாமானியத்தில் சந்தா கட்டுகிற ஆள் இல்லை. நறுமுகை கடலியல் படிக்கத் தூத்துக்குடிக்குப் போன வருடம் அவள்தான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாங்கப்பா. போன்ல நீங்க ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்க. ஆடினா பேசுவீங்க."

"ஆயிரத்து எரநூறா? அதுக்குத் தகுமா கண்ணு?"

"ஆடினாத் தகும்."

முதல் மாதக் கட்டில் தோணித்துறை என்ற விளையாட்டு வந்தது. இருவர் சேர்ந்து ஆடுவது. ஒருவர் துடுப்பு, ஒருவர் சுக்கான். படகில் ஏறும் இடத்தில் பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. யுகேந்திரன் படித்தார். இருபத்தாறு வருடம் லேபிள் படித்துச் சாப்பிட்ட மனுஷன். 'துடுப்பை இரு கைகளாலும் பற்றவும்' என்று தொடங்கி, 'இந்தத் துறைக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை' என்பது வரை ஒரு வரி விடாமல், சத்தமாக.

"அப்பா, படகு போயிரும்!"

"படிக்காமக் கை வெக்கக் கூடாது கண்ணு. பொறு."

அவள் சிரித்துச் சிரித்துப் படகிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஞாயிறு இப்படிப் போனது. மூன்று முறையும் பலகையை முதலிலிருந்து படித்தார். மாற்றி எழுதியிருந்தால் என்ன செய்வது என்பது அவர் கட்சி.

நான்காவது ஞாயிறு அவசரச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம். மகளின் விடுதிக் கட்டணம் வேறு நின்றது. வர முடியாது என்று சொல்ல போனை எடுத்தவருக்கு நிழலாடி நினைவுக்கு வந்தது. சந்தாவோடு சேர்த்துக் கொடுத்தது, தனிக் காசு இல்லை. கொடுத்த காசையும் வீணாக்க வேண்டாம், பிள்ளையையும் ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தார். எதிரே ஆடுவது நிழலா ஆளா என்று நிறுவனம் யாருக்கும் சொல்லாது.

அன்று மாலை பட்டையைக் கட்டிக்கொண்டபோது, மகளோடு ஒரு மணி நேரம் ஆடிய நினைவு அப்படியே இருந்தது. அவள் சிரிப்பு, தண்ணீர் தெறித்த குளிர், எல்லாம். கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னிக்கு நல்லா ஆடினமில்ல கண்ணு?"

கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆமாங்கப்பா" என்றாள் அவள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சரக்கு இருந்தது. இல்லாத ஞாயிறும் அசதி இருந்தது. நினைவு எப்படியும் வந்துவிடுகிறதே என்ற தைரியம் வேறு.

ஒன்றரை வருடம் கழித்து, மூளைக் காய்ச்சலில் மூன்றே நாளில் நறுமுகை போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. அவள் பெட்டியோடு நெற்றிப்பட்டையும் திருப்பூருக்கு வந்தது. யுகேந்திரன் அதைத் துடைத்து, அவள் அறை அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிவந்தார். சும்மா கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று மனைவி பிரதீபாவிடம் சொன்னார்.

தன் பட்டையை அவர் ஐம்பத்து மூன்று நாள் தொடவில்லை. மகள் நல்லபடியாக இருந்த கடைசி ஞாயிற்றின் நினைவு அதிலிருந்து தலைக்குள் ஊற்றப்படாமல் இருந்தது. அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அன்று காலையில் கட்டினார். பின்னால் சேர்ந்திருந்த ஏழு ஞாயிறுகளும் சேர்ந்து வந்துவிட்டன.

நிறுவனத்தின் நலப்பிரிவைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தார். பதிவேட்டைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

"சார், உங்க மகளோட சந்தா வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டியிருக்கீங்க. யாரும் நிறுத்தச் சொல்லலை. அதனால அவங்க நிழலாடி ஆடிட்டே இருக்கு. மன்னிச்சுக்கங்க சார், எங்களுக்குத் தகவல் வரலை."

யுகேந்திரனுக்கு ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொண்டது. "அவ நிழலாடியா? அவளுக்கு எதுக்கு நிழலாடி? அவ நேர்லதான ஆடினா?"

அந்தப் பெண் பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தார். "அப்பா நீங்கதானே, சொல்லலாம் சார். அவங்க இருந்தவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் மொத்தம் எழுபத்து நாலு தடவை ஆடியிருக்கீங்க. உங்க பக்கம் முதல் மூணு நேர்ல. மீதி நிழல். அவங்க பக்கம் முதல் ஒம்பது நேர்ல. மீதி நிழல்."

அவர் கணக்கில் புலி இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். அறுபத்தைந்து ஞாயிறுகள் இரண்டு நிழல்கள் ஒன்றோடொன்று ஆடியிருக்கின்றன. அந்த நேரத்தில் அப்பன் லேபிள் பார்த்தான், மகள் எங்கேயோ இருந்தாள். அதை விடவும் நடுவில் இருந்த ஆறு ஞாயிறுதான் நெஞ்சை அறுத்தது. ஆறு வாரம் அவள் நேரில் வந்து, அப்பனின் நிழலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவளுக்குத் தெரிஞ்சுதாங்களா? நான் இல்லைன்னு?"

"நாங்க சொல்ல மாட்டோம் சார். ஆனா பத்தாவது தடவை நிழலை விடும்போது, அதுக்கு ஒரு வரி நிபந்தனை எழுதி வச்சிருக்காங்க. என்னன்னு எங்களாலயும் படிக்க முடியாது. அந்த நிழலுக்கு மட்டும்தான் தெரியும்." பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒன்றாம் தேதிக்குள் சந்தாவை நிறுத்தச் சொன்னால் அவள் நிழல் அணைந்துவிடும். நிழல்கள் ஆடிய நினைவுகளுக்கான உரிமமும் அதோடு முடியும். பத்துப் பதினைந்து நாளில் அவர் தலையிலிருந்து அவை மங்கிவிடும். நேரில் ஆடிய மூன்றும் மட்டும் இருக்கும்.

எல்லாவற்றையும் பிரதீபாவிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நிறுத்தீருங்க" என்றாள்.

"மூணுதான் மிச்சமிருக்கும் பிரதீபா."

"நான் தெனமும் அவகிட்ட ரெண்டு நிமிசம் பேசினேன். சாப்பிட்டயா, தலைக்குத் தண்ணி வாத்தயா. அவ்வளவுதான். அது முச்சூடும் எங்கிட்ட இருக்குது. யாரும் வந்து மங்க வெக்க முடியாது." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எத்தனையோ ஞாயித்துக்கிழமை நீங்க சோபாவுல படுத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பட்டை பக்கத்துலயேதான் இருந்துச்சு."

அவர் சிதறிக் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை, தன் நிழலை அணைத்துவிட்டு யுகேந்திரன் தானே பட்டையைக் கட்டிக்கொண்டார். மகள் இல்லை, அது வெறும் பொறி என்று நன்றாகத் தெரியும். என்ன எழுதி வைத்தாள் என்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். திட்டியிருப்பாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நல்லது என்றும் நினைத்தார்.

தோணித்துறையில் மழை விட்டிருந்தது. அவள் நிழல் ஏற்கெனவே படகின் பின்பக்கம், சுக்கான் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அதே பச்சை துப்பட்டா.

"வாங்கப்பா" என்றது.

"கண்ணு..." என்றார். மேலே வரவில்லை.

"போலாங்களா?"

துடுப்பைப் பார்த்தார். அழுகையை அடக்க எங்கேயாவது பார்வையைத் திருப்ப வேண்டியிருந்தது. பலகை கண்ணில் பட்டது. கை வைப்பதற்கு முன்னால் படிப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம். உடைந்த குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"துடுப்பை... இரு கைகளாலும் பற்றவும். ஈரமான பலகையில் நிற்க வேண்டாம். சுக்கான் பிடிப்பவர் சொல்வதைத் துடுப்புப் போடுபவர் கேட்கவும்..."

நிழல் சுக்கானிலிருந்து கையை எடுத்தது. தலையைச் சாய்த்து, அவர் படிப்பதை மூன்று வரி கேட்டது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"அப்பா! நீங்களேதானா?"

அவர் நிறுத்தினார்.

"இருங்க, இருங்க, போயிராதீங்க. அவ எங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கா." பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி, ஒரே மூச்சில் சொன்னது: "'பலகையில இருக்கறத ஒரு வரி விடாமச் சத்தமாப் படிச்சா அது எங்கப்பா. நிழல் படிக்காது. அப்பா வந்ததும் எங்க இருந்தாலும் என்னைக் கூப்பிடு. நான் ஓடி வந்தர்றேன்.'"

யுகேந்திரன் துறையின் ஈரப் பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கூப்பிட்டுட்டேங்கப்பா" என்றது நிழல். "மணி அடிக்குது."

"வேண்டாம் சாமி. நிறுத்து."

"எடுப்பாங்கப்பா. பரீட்சை இருந்தாலும் கூப்பிடச் சொல்லியிருக்கா. நீங்க பாட்டுக்குப் படிங்க. முடிக்கறதுக்குள்ள வந்துருவா."

அடுத்த அறையில், சார்ஜ் குறையாமல் அவர் பார்த்துக்கொண்ட பட்டை அலமாரிக்குள் கீச்சுக் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குள் இருந்த அவருக்கும் அது கேட்டது. பிரதீபா எழுந்து போகிற கால் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறந்தது. மணி நிற்காமல் அடித்தது.

"ஏனுங்க," என்றாள் கடைசியில், அறைக்குள் இருந்தபடியே, "இத நான் எப்படீங்க நிறுத்தறது?"

யுகேந்திரன் பலகையைப் பார்த்தார். இன்னும் பதினோரு வரிகள் இருந்தன. விட்ட இடத்திலிருந்து, மெதுவாக, ஒரு எழுத்து விடாமல் படிக்கத் தொடங்கினார்.