காணாமற்போன காப்பி டப்பா

வனப்பூங்கா அலுவலகத்துக்குள் வெர்னா ஸ்டோல்ட்ஸ் வந்தபோது ரேஞ்சர் ஹாலிஸ் காலைக் காப்பியை இன்னும் முடிக்கவில்லை. ஓடையோரக் கூடாரத்தின் முன்னால், மேசைமேல் வைத்திருந்த காப்பி டப்பாவைக் காணோம் என்றாள். மூடி மட்டும் கிடக்கிறதாம். ஹாலிஸ் புகார்ப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அதன் பிறகுதான் மீதி வந்தது.

"அதுல இருந்தது காப்பி இல்ல. என் வீட்டுக்காரர்."

கிளைட்டஸின் சாம்பல். கல்யாணமானதிலிருந்து கோடைதோறும் தங்கிய ஓடையிலேயே தன்னைக் கரைக்கச் சொல்லியிருந்தார். அனுமதி கிடைக்காதோ என்ற பயத்தில் வெர்னா யாரிடமும் சொல்லவில்லை. கூட வந்த மகள் ஜோலீன்கூட, அப்பா வீட்டு அலமாரியில் ஜாடிக்குள் இருப்பதாகவே நினைத்திருந்தாள்.

"போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஆஸ்பத்திரில கடைசி நேரத்துல என்னை உள்ள விடல," என்றாள் வெர்னா.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஓடெல், பழைய லாரி ஓட்டுநர், துப்புத் துலக்குவதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். பக்கத்துக் கூடாரத்துத் தூண்டில்காரர்கள்தான் திருடர்கள் என்று கூடாரத்துக்குப் போகும் வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். குப்பைத் தொட்டிகளைக் கிளறி டப்பாவையும் கொண்டுவந்தார். காலி. சுத்தமாகக் கழுவியிருந்தது.

"திருடன் எதுக்கு டப்பாவக் கழுவறான்?" என்றார் ஹாலிஸ்.

"அப்ப ரக்கூன்தான், ராத்திரி திருட வர்ற பிராணி. அது எதையும் கழுவித்தான் தின்னும்."

"கழுவிட்டுத் தொட்டியிலயும் போடுமா, ஓடெல்?"

முந்தின இரவு நல்ல மழை. நெருப்புக் குழியில் சாம்பல் கருங்கூழாகக் கிடந்தது. ஆனால் கூடார வாசல் சேற்றின்மேல் வெளிர்நிறப் பொடி சீராகத் தூவியிருந்தது. ஹாலிஸ் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். விறகுச் சாம்பல் மாவாக இருக்கும், இது நறநறத்தது. எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை.

"மழை பெஞ்சா இந்த வாசலுக்குக் கிளைட்டஸ் என்ன பண்ணுவார், வெர்னாம்மா?"

"அடுப்புச் சாம்பல முன்கூட்டியே காப்பி டப்பால எடுத்து மூடி வெப்பார். காலைல நான் வழுக்கி விழாம வாசல்ல தூவி..."



"நேத்து யாரும் எடுத்து வெக்கல. குழியில இருக்கறது அத்தனையும் ஈரம், இது காஞ்ச பொடி," என்றார் ஹாலிஸ் மெதுவாக. "உங்களுக்கு முன்னால எழுந்தது யாரு?"

வெர்னா ஓடைப் பக்கம் திரும்பினாள். ஓடெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வெர்னா அந்தப் பொடியின்மேல்தான் நின்றிருந்தாள்.

ஓடையிலிருந்து ஜோலீன் வாளியோடு ஏறி வந்தாள். "நீ டப்பால எடுத்து வெச்சிருந்த சாம்பல வாசல்ல போட்டிருக்கேன், பாத்தியாம்மா? அப்பா மாதிரியே."

 அது என்ன பொடி என்று சொல்லவோ விடவோ ஹாலிஸுக்கு உரிமை இல்லை.

வெர்னா குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"வெறுங்காலோட நிக்கறியே, சளி பிடிக்கும்," என்றாள் ஜோலீன்.

"பாத்தேன்டி," என்றாள் வெர்னா. "வழுக்கவே இல்ல."

பாதத்தில் ஒட்டியதைத் துடைக்காமல் ஓடைக்கு நடந்து, முழங்கால் நனைய இறங்கி நின்றாள். அவள் உதடு அசைந்தது. மகள் பின்னால் போகப் பார்த்தாள். ஹாலிஸ் குறுக்கே நின்று அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.