சேனாபதிக்கு ஒரு கட்டில்

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் கோயிலில் சிவனும் விஷ்ணுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அந்த இருவர் மீதும் சேர்த்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஒருவர் மன்னித்தாலும் இன்னொருவர் விடமாட்டார் என்று தெரிந்தேதான் செய்கிறேன். இங்கே நியூ ஜெர்சியில், எங்கள் வெஸ்ட் வின்ட்சரில் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். நம்ப வேண்டாம். அப்படிச் சொல்பவர்களில் ஒருவரும் அந்த பேஸ்மென்ட்டில் இருந்ததில்லை.

மாரிசாமி வீட்டு பேஸ்மென்ட் அது. மார்ச் மாதம். பனி உருகி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அவ்வப்போது தானாக ஓடும், தானாக நிற்கும். மடித்து வைத்த டிரெட்மில், அரிசி மூட்டைகள், ஈரச் சுவரின் வாடை. ஒரு மதிய நேரம் நான் படியிறங்கிப் போனபோது மேசையில் ஆர்மீனியாவின் வரைபடம் விரிந்திருந்தது. அதன்மேல் ஒரு தட்டு காராசேவு.

மாரிசாமி கோவில்பட்டிக்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மகனோடு வந்து சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, நயாகராவுக்கும் ஒர்லாண்டோவுக்கும் கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

"பெட்டியக் கொண்டு போறாப்ல கொண்டு போறாங்கய்யா" என்பார். "என் பைய நானே தூக்கி, நானே வழி கேட்டு, ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துரணும். அதுக்கப்புறம் எந்த ஹோம்ல வேணாலும் போடட்டும்."

ஆர்மீனியா என்ற யோசனை அவருக்கு முடி வெட்டுபவரிடமிருந்து வந்தது. அந்த மனிதர் அந்த ஊர்க்காரர். மலை, மலைமேல் பழைய மடம், தரையில் தோண்டிய அடுப்பில் சுட்ட ரொட்டி, தெரியாதவனையும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடும் சனம் என்று காதோரம் கத்தரி போடும்போதே சொல்லிவிட்டார். டூர் கம்பெனி கிடையாது. ஊருக்கு ஊர் ஓடும் வேன்களில் நெருக்கியடித்துப் போவது, வீடுகளில் தங்குவது, வீடு கிடைக்காத மலையில் கூடாரம் அடிப்பது. இதுதான் திட்டம். போவது மாரிசாமி, நான், மூன்றாவதாக அரியரட்ணம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நியூ ஜெர்சியில் மருந்துக்கடை வைத்திருந்து விற்றவர்.

எதிர்ப்பு மருமகள் பிரீத்தியிடமிருந்துதான்.

"அங்கிள், ப்ளீஸ். மாமாக்கு ஸ்டென்ட் போட்டிருக்கு. டென்ட்ல படுக்கறதெல்லாம் ஆகாது. நீங்கதான் ஏத்தி விடறீங்க, எனக்குத் தெரியும்" என்றாள் என்னைப் பார்த்து.

மாரிசாமியின் மனைவி தனபாக்கியத்துக்கு அதெல்லாம் கவலையில்லை. அவருடைய கவலை வேறு.

"மூணு பேராவா கெளம்புறீங்க?"

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக்கூடாது. கிளம்பித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நாலாக்கிக்கொள்வார்கள். தனபாக்கியம் முழங்கால் வலியோடு தோட்டத்துக்குப் போய், மேப்பிள் மரத்தடியில் ஈர மண்ணைக் கிளறி, இளநீர் அளவுக்கு ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்தார். நாலாவது நாற்காலியில் வைத்தார்.

"இப்பப் பேசுங்க" என்றார்.

அரியரட்ணத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வந்தவருக்குப் பேர் வேணுமெல்லே? சேனாபதி எண்டு வைப்பம். சேனாபதி, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று ஒரு கோப்பையை அதன் முன்னால் வைத்தார். நாங்களும் சிரித்தோம்.

தனபாக்கியம் சிரிக்கவில்லை. "கல்லுக்கு யாராவது பேரு வைப்பாங்களாண்ணே? கூட எடுத்துட்டுப் போவாங்க, வந்ததும் தூரப் போட்டுருவாங்க. பேரு வச்சுக் கூப்டா அப்புறம் எப்படித் தூரப் போடுறது?"

கல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று.

மறுவாரம் ஆர்மீனியாவில் டிலிஜான் என்ற ஊருக்கு மேலே ஒரு கிராமத்தில் வீடு வாடகைக்கு விடும் அனூஷ் என்ற பெண்மணியோடு வீடியோவில் பேசினோம். இங்கே மதியம், அங்கே இருட்டு. அவர் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கு. நல்ல ஆங்கிலம் பேசினார். மூன்று கட்டில் போதும், அடுப்பு இருக்கிற அறை வேண்டும் என்று மாரிசாமி கேட்டுக்கொண்டார்.

"எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பார்க்கிறேன்" என்றார் அனூஷ். நெருங்கினோம்.

"பின்னால் நிற்பவரும் வரட்டுமே. அவர் முகம் தெரியவில்லை."

மோட்டார் ஓடி நின்றது.

எங்களுக்குப் பின்னால் அரிசி மூட்டைதான் இருந்தது.

அழைப்பு முடிந்ததும் மாரிசாமி முதலில் என்னைத்தான் பார்த்தார். "நீதான அந்தம்மாகிட்ட முன்னாடியே பேசிச் செட்டப் பண்ணுன?" என்னைச் சந்தேகப்படுவது எல்லோருக்கும் வழக்கம், நான் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அரியரட்ணத்தின் மேல் சந்தேகம். பயணத்துக்கு வர மனமில்லாமல் பயம் காட்டுகிறாரோ என்று. அரியரட்ணத்துக்குப் பிரீத்தியின் மேல். "உந்தப் பிள்ளைதான் ஆரையோ பிடிச்சுச் செய்விக்குது" என்று என் காதில் சொன்னார். ஆக மூன்று பேரும் ஆளுக்கொருவரைச் சந்தேகித்துக்கொண்டு காராசேவை முடித்தோம். நாற்காலியில் இருந்த கல்லை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

கூடாரம் வந்து சேர்ந்தது. மூன்று பேர் படுக்கும் கூடாரம். ஒத்திகை பார்க்கலாமென்று பேஸ்மென்ட்டிலேயே அடித்தோம். மாரிசாமி ஓர் ஓரம், நடுவில் அரியரட்ணம், மறு ஓரம் நான். ஜிப்பை மூடியதும் உள்ளே புது பிளாஸ்டிக் நாற்றம். கொஞ்ச நேரத்தில் அது போய் வேறொரு வாடை வந்தது. நெடுநாள் மூடிக் கிடந்த மண்ணைத் திறந்தால் வருமே, அது.

"சரியான இடுக்கமாக் கிடக்கு" என்றார் அரியரட்ணம். "மாரி அண்ணை, கொஞ்சம் தள்ளிப் படுங்கோவன்."

"நான் துணியோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கேன். இதுக்கு மேல எங்க தள்ள?"

"அப்ப எனக்கும் உங்களுக்கும் நடுவில ஆர்?"

மூச்சுகளைக் கவனித்தேன். என்னுடையது ஒன்று. அரியரட்ணத்துடையது சளி கட்டிய மூச்சு, தனியாகத் தெரியும். மாரிசாமி மூக்கால் விசில் அடிப்பார்.

இன்னொன்று இருந்தது. அது இழுக்க மட்டும் செய்தது. விடவில்லை.

வெளியே வந்து விழுந்தோம். அரியரட்ணத்துக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் அது கிழிந்தே போனது. நாற்காலியில் கல் இருந்தபடியே இருந்தது. நான் போய் அதைத் தொட்டேன். தூங்கி எழுந்த குழந்தையின் நெற்றி மாதிரி கதகதப்பாக இருந்தது. திரும்பி மாரிசாமியின் கையைப் பிடித்தேன்.

அது சில்லென்று இருந்தது.

அதன் பிறகு மாரிசாமி படிப்படியாகக் குறைந்தார். முதலில் பேச்சு. பிறகு பசி. அந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்புவதற்கு நேரமாகும். அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப நானும் அரியரட்ணமும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஆள் மெலிந்துகொண்டுதான் போனார், எடை மட்டும் ஏறியது. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று அனுப்பிவிட்டார். நேர்மாறாக, கல்லைக் காராசேவுத் தட்டு மாதிரி ஒரு கையால் தூக்க முடிந்தது.

அனூஷிடமிருந்து செய்தி வந்தது. அரியரட்ணம் வாசித்தார். "உங்கள் நண்பர் சேனாபதி தொலைபேசியில் பேசினார். இனிமையான மனிதர். மூன்று கட்டிலே போதுமாம். மாரிசாமி வரவில்லையாமே? வருத்தமாக இருக்கிறது."

அந்தப் பெயரை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிரீத்தி நேராக என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "அங்கிள், இது ப்ராங்க்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோபப்பட மாட்டேன். மாமா கைய வந்து தொட்டுப் பாருங்க. உயிரோட இருக்கிற கை மாதிரியா இருக்கு?"

"நான் இல்லம்மா" என்றேன்.

"நீங்க சொன்னா எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி.

தனபாக்கியம்தான் முடிவெடுத்தார். மறுநாள் நண்பகலில் கல்லை ஒரு பழைய புடவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "மெர்சர் பார்க்குக்கு வண்டிய விடுங்கண்ணே" என்றார் அரியரட்ணத்திடம். நான் பின் சீட்டில். ஏரிக் கரையில் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒரு நாய் எங்களைப் பார்த்ததும் குரைக்காமல் படுத்துக்கொண்டது. தனபாக்கியம் துண்டைப் பிரித்து, கல்லை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உனக்குப் பேரு இல்ல. நாங்க வைக்கல. போ."

முழங்கால் வலிக்காரர் என்று சொல்லமுடியாத வீச்சு. கல் தூரத்தில் போய் விழுந்தது. நீரில் வட்டம் வட்டமாக அலை கிளம்பிக் கரை வரைக்கும் வந்தது.

விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால், மாரிசாமி சமையலறையில் நின்றபடியே பழைய சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தார். "எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? வயிறு கபகபன்னு எரியுது. ஊறுகாய் எங்க இருக்கு?" என்று சத்தம் போட்டார். தனபாக்கியம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடு. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"இங்க பாருங்க" என்றார் பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கல்லும் வேணாம் ஒண்ணும் வேணாம். நானே வர்றேன். நிசமாவே நாலு பேரு. முட்டி வலிச்சா அந்த மலையிலயே உக்காந்துக்கறேன்."

மாரிசாமி மோர்ச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "பைய நாந்தான் தூக்குவேன்" என்றார். "தூக்குங்க, யார் வேணாம்னா?" என்றார் அவர்.

அத்தை கூடப் போகிறார் என்றதும் பிரீத்தியும் இறங்கிவந்தாள். டிக்கெட் போட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு வந்தாள். நாலு நாற்காலியிலும் ஆள் இருந்ததால் படியில் உட்கார்ந்துகொண்டாள். அப்போது அனூஷ் கூப்பிட்டார். அங்கே இரவு முற்றியிருக்க வேண்டும். விளக்கு இல்லை; அடுப்பு வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி மெல்லப் பேசினார்.

"உங்கள் நண்பர் வந்துவிட்டார்."

"எந்த நண்பர்?" என்றார் மாரிசாமி.

"சேனாபதி. தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்திருக்கிறார். இங்கே ஒரு வாரமாக மழை இல்லை. அடுப்போரக் கட்டிலைக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு இன்னும் மூன்று இருக்கிறது. அதுவே போதும் என்கிறார். உங்களில் ஒருவர் வரவில்லையாம்."

அவருக்குப் பின்னால் இருட்டில் கனமான ஒன்று மரத்தரையில் நகர்ந்தது.

தனபாக்கியம் மாரிசாமியின் கையை இறுக்கிப் பிடித்தார். "யாருன்னு கேளுங்க" என்று என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

கேட்டேன்.

அனூஷ் இருட்டுப் பக்கம் திரும்பி எதையோ காது கொடுத்துக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் விரல் மாரிசாமியைத் தாண்டியது. தனபாக்கியத்தைத் தாண்டியது. அரியரட்ணத்தையும் தாண்டியது.

நின்றது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆளே இல்லை என்பது போலவும், நான்தான் ஆள் என்பது போலவும் பார்த்தார்கள்.

மே மாதம் அவர்கள் மூன்று பேரும் நெவார்க்கிலிருந்து கிளம்பினார்கள். கல் எடுத்துக்கொள்ளவில்லை. "அங்கதான் ஆளு காத்துக்கிட்டிருக்கே, எதுக்கு?" என்றுவிட்டார் தனபாக்கியம். மாரிசாமி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, வழி தெரிந்தும் நாலு பேரிடம் வழி கேட்டுக்கொண்டு போனார். அவர் அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. மலைமேல் ஒரு மடத்து வாசல், சுள்ளென்று வெயில், மூன்று பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தரை நனைந்திருக்கிறது.

நான் பயந்துபோய் நின்றுவிட்டதாக அரியரட்ணம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பயமெல்லாம் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. என் வாழ்நாளில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை, விமானத்தில் காலெடுத்து வைத்ததும் இல்லை. அப்படியானால் ஊரிலிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.