தேவர்குளத்தில் நின்ற சைரன்

பதினெட்டு நாள் விடுப்பு முடிந்து ஞானதுரை சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியபோது காலை பதினோரு மணி. அவர் ஓட்டும் ஆம்புலன்ஸ் தகரக் கொட்டகையில் நின்றது. யாரோ அதற்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தார்கள்.

நர்ஸ் அப்ரீன் பானு சாவியைக் கொடுத்தாள்; முகம் கொடுக்கவில்லை. அவர் இல்லாத நாட்களில் வண்டி தேவர்குளத்தைத் தொட்டாலே சைரன் தானாக அலறியது என்றாள். மெக்கானிக் ஆனந்த்சங்கர் இரண்டு முறை சுவிட்சை மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை ஒயரையே வெட்டிவிட்டான். வெட்டிய பிறகும் அலறியதாம். மாற்று டிரைவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான், திரும்பவில்லை.

ஏன் தேவர்குளம் என்பது ஞானதுரைக்கும் அவளுக்கும் தெரியும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உயிர் இருக்கும்வரைதான் சைரன். போய்விட்டால் அமர்த்திவிட்டு மெதுவாகப் போக வேண்டும்; பிணத்துக்கு வழி கேட்கக் கூடாது. இருபது வருஷப் பழக்கத்தில் ஞானதுரையின் கை தானாகவே அதைச் செய்யும். பின்னாலிருந்து ஒப்பாரி எழுந்தால் போதும், விரல் சுவிட்சுக்குப் போய்விடும்.

பதினெட்டு நாளுக்கு முன்பு, அன்றைக்கும் போனது. மேலநீலிதநல்லூர் சிவசக்தி, பிள்ளை பெற்ற மறுநாள் உதிரப்போக்கு நிற்காமல் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தேவர்குளத்தில் மகளின் கண் செருகியதைப் பார்த்துப் பதறிப்போன அப்பா சிவராமலிங்கம், "என்னப் பெத்த தாயி, போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். ஞானதுரை சைரனை அமர்த்தி, வேகத்தைக் குறைத்தார்.

நடுவில் கண்ணாடித் தடுப்பு. அப்ரீன் இரண்டு கையாலும் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணாடியைத் தட்ட அவளுக்குக் கை இல்லை. உயிர் இருக்கிறது என்று கத்தினாள், ஒப்பாரியில் கேட்கவில்லை. மானூரில் ஒரு கல்யாண வேன் வழியை அடைத்து நின்றது. சத்தமில்லாத ஆம்புலன்ஸுக்கு யார் ஒதுங்குவார்கள்? பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கலாமே என்றார்.

பாவி மனுஷன், அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் பதினெட்டு நாளாக மென்றுகொண்டிருந்தார். சிவராமலிங்கத்திடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், மகளின் சாவுக்கு அவர் அழுகைதான் காரணம் என்று சொன்னதாகிவிடும். பெற்றவன் அதைக் கேட்டு உயிரோடு இருப்பானா?

மதியம் திருநெல்வேலியிலிருந்து ஒரு நோயாளியைக் கூட்டிவர வேண்டியிருந்தது. அப்ரீன் பின்னால் ஏறாமல் முன் சீட்டில் உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் ரோட்டோரக் கருவேலங்காடு அசையாமல் நின்றது. வண்டிக்குள் டெட்டால் வாடை. அதற்கும் அடியில், கழுவியும் போகாத உதிர வாடை.

பனவடலிசத்திரம் தாண்டியது.

தேவர்குளம் போர்டு தெரிந்தது.

சைரன் அலறியது.

சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. வெட்டிய ஒயர் ஞானதுரையின் கால்மாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை யாரோ விரல் கணுவால் தட்டினார்கள்.

"அண்ணாச்சி... நான் இன்னும் இருக்கேன்."

அப்ரீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானதுரைக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகைதான் வந்தது. வண்டியை மேலநீலிதநல்லூருக்குத் திருப்பினார். திருப்பியதும் சைரன் ஓய்ந்தது. திருநெல்வேலிக்கு வேறு வண்டி அனுப்பச் சொல்லி அப்ரீன் போன் செய்தாள்.

சிவராமலிங்கம் வீட்டு வாசலில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். புட்டிப்பாலைத் துப்பிவிட்டுக் குழந்தை வீறிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லையாம்.

"ஒங்க மக தேவர்குளத்துல சாகல அண்ணாச்சி," என்றார் ஞானதுரை. "உசிரு இருக்கும்போதே நாந்தான் சைரன அமத்திட்டேன். கை தவறிட்டு."

பெரியவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கை தவறல வே. நான் அழுத சத்தத்தக் கேட்டுத்தான அமத்துனீரு? டாக்டர் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு. யாருட்டப் போயிச் சொல்லுவேன்?"

இரண்டு ஆண்பிள்ளைகளும் நடுத்தெருவில் நின்று அழுதார்கள். பிறகு சிவராமலிங்கம், வண்டிக்குள் ஒருதரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். அப்ரீன் பின்கதவைத் திறந்துவிட்டாள். அவர் குழந்தையோடு ஏறி, காலி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீறிட்ட குழந்தை சட்டென்று அடங்கியது.

அது தாத்தாவைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் முகத்தைத் திருப்பி, வெறும் காற்றில் வாய் வைத்துச் சப்பத் தொடங்கியது. விழுங்குகிற சத்தம் ஞானதுரை நின்ற இடம்வரை கேட்டது. சிவராமலிங்கம் மூச்சு விடாமல் குழந்தையை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அது வயிறு நிறைந்து உறங்கிப்போனது. அப்ரீன் குனிந்து அதன் கடைவாயை விரலால் துடைத்தாள்.

வெதுவெதுப்பான பால்.