அசையாத படம்

ஸ்கேன் மெஷினைப் போட்டதும் திரையில் ஓர் இதயம் தெரிந்தது. உடம்பில் வைத்துப் பார்க்கிற ப்ரோப் இன்னும் அதன் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் யார் உடம்பிலும் வைக்கவில்லை. நோயாளியின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. நான்கு அறைகளும் அப்பட்டமாகத் தெரிய, துளிகூட அசையாமல் நின்ற அந்த இதயத்தை டாக்டர் தமிழினி எரிச்சலோடு பார்த்தாள். போன வாரம்வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் உழைத்த மெஷின் இது. புதியது வந்ததும் பயிற்சி அறைக்குத் தள்ளிவிட்டார்கள். எந்தப் புண்ணியவானோ கடைசிப் படத்தை அழிக்காமல் போயிருக்கிறான் என்று முணுமுணுத்தபடி அவளே அழித்தாள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவக் கல்லூரி அது. மத்தியான வேளைதான். ஆனால் ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் உள்ளே எப்போதும் இருட்டு. நடுவில் யாராவது கதவைத் திறந்து வெளிச்சத்தை விட்டுவிடக்கூடாதென்று தமிழினி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வகுப்பை ஆரம்பிப்பாள். வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிய கொட்டில், வராந்தாவில் ஆள் செத்தாலும் கேட்காது.

முதுநிலை மாணவர்கள் மூன்று பேர்: ஜூலி, ஆரோக்கிய ஜெகன், சித்தார்த். வழக்கமாக மாடலாகப் படுக்கிற ஆள் நெல்லிக்குப்பத்திலிருந்து வரவேண்டும்.

"ரோட்ல இடுப்பளவு தண்ணியாம் மேடம். அவுரு வரலியாம்," என்றான் ஜெகன்.

"சரி, நானே படுக்குறேன். ஜூலி, நீ ப்ரோப் புடி. நெஞ்செலும்புக்குக் கீழ வச்சு இதயத்தப் புடிச்சுக் காட்டு பாக்கலாம்."

ஜூலி போர்வையைச் சரிசெய்து, மேல்வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினாள். ஏசி குளிரில் கிடந்த ஜெல் பட்டால் யாராக இருந்தாலும் ஒரு துள்ளு துள்ளுவார்கள். தமிழினிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் அவளுடைய இதயம் வந்தது. சீராகத் துடித்துக்கொண்டு, அழகாக. அதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அது நின்றது.

தமிழினியிடம் ஒரு குறும்பு உண்டு. மாணவர் மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, படத்தை நிறுத்திவைக்கிற ஃப்ரீஸ் பட்டனை ஓசைப்படாமல் அமுக்கிவிடுவாள். 'ஐயோ, இதயம் நின்னுபோச்சு' என்று பதறுகிறவர் அன்று முழுக்க அவள் வாயில் அரைபடுவார். பதறுவதற்கு முன்னால் பட்டனைப் பார் என்பதுதான் அவள் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். அதனால் திரை நின்றதும் மூன்று பேரும் சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டாங்கப்பா மேடம்," என்றான் சித்தார்த்.

நான் அமுக்கவில்லை என்று சொல்லப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள்; போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. மழைச் சத்தம் கேட்டது. ஏசியின் உறுமல் கேட்டது. காதுக்குள் எப்போதும் மெல்ல அடித்துக்கொண்டிருக்கிற சத்தம் ஒன்று உண்டே, அதைக் காணோம்.

"படம் சூப்பரா நிக்குது. வாட்டமா அளந்துக்கலாம்," என்று ஜெகன் குனிந்தான். சித்தார்த்தும் குனிந்தான். அவளுடைய நின்றுபோன இதயத்தின் சுவரை நிதானமாக அளந்தார்கள். அளவு சரியா, தப்பா என்று ஒரு வாக்குவாதம் வேறு. டேய், என்னைப் பாருங்கடா என்று தமிழினி உள்ளுக்குள் அலறினாள். அவள் தயார்செய்த பிள்ளைகள். அவள் சொல்லித்தந்தபடியே திரையை மட்டும் பார்த்தார்கள்.

ஜூலிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"ஃப்ரீஸ் ஆகல ஜெகன். நான் ப்ரோப்ப அசைச்சா படமும் அசையுது பாரு."

"மெஷின் ஓல்டு பீஸு. மக்கர் பண்ணும்."

"மேடம் கண்ணு சிமிட்டவே இல்ல."

ஜூலியின் விரல்கள் தமிழினியின் மணிக்கட்டைத் தொட்டன. நாடி பார்க்கிறாள். நல்ல பெண்ணே, சாமி, விடாதே, இன்னும் அழுத்திப் பார், பார்த்துவிட்டுக் கத்து. தமிழினிக்கு அழுகை வந்தது, கண்ணீர்தான் வரவில்லை. ஜூலியின் முகம் மெல்ல வெளுத்தது. வாய் திறந்தது.

தமிழினியின் கை திரும்பி ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டது.

அவள் திருப்பவில்லை.

"வெரி குட்," என்றது அவள் குரல். "ஒருத்தியாச்சும் ஆளைப் பாத்தியே."

உடம்பு எழுந்து உட்கார்ந்தது. டிஷ்யூவை இழுத்து ஜெல்லைத் துடைத்தது. தமிழினி உள்ளே இருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது, எதுவும் அவள் சொல்படி நடக்கவில்லை.

"பயந்தே போயிட்டேன் மேடம். நாடியே கெடைக்கல," ஜூலி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"பழகப் பழக வந்துடும். இப்ப நீ படும்மா."

படுக்காதே. ஓடு. தாழ்ப்பாளைத் திற. ஜூலி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். தமிழினியின் கை ஜெல்லைப் பிதுக்கியது. தமிழினியின் கை ப்ரோப்பை வைத்தது.

"ஐயோ, ஜில்லுனு இருக்கு மேடம்!"

இதயம் வந்தது. சின்ன, வேகமான இதயம். பயம் இன்னும் விட்டிருக்கவில்லை.

ப்ரோப் அழுந்தியது.

துடித்தது.

கொஞ்சம் பொறுத்துத் துடித்தது.

தமிழினி தன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒரே ஒரு விரலையாவது. முடியவில்லை.

நின்றது.

"இந்தத் தடவ ஏமாற மாட்டோம் மேடம்," ஜெகன் சிரித்தான். "பட்டன்தான?"

ஜூலியின் முகத்தில் அசைவில்லை. கண்கள் மட்டும் தமிழினியின் கண்களுக்குள் பார்த்தன. அவற்றின் அடியாழத்தில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். தமிழினிக்குத் தெரிந்தது. அவளும் அங்கிருந்துதான் கத்திக்கொண்டிருந்தாள்.

ஜூலியின் கை எழுந்தது. டிஷ்யூவை இழுத்தது. வயிற்றைச் சுத்தமாகத் துடைத்தது.

பிறகு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஜெகன் பக்கம் திரும்பி, ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"நீ வாப்பா," என்றார்கள்.

ஜெகன் சட்டையைத் தூக்கிக்கொண்டே கட்டிலில் ஏறினான்.