பள்ளத்தாக்கில் அழுத பிள்ளை

"புள்ளைக்குப் பால் கொடுத்தியா, இல்ல கொடுத்த மாதிரி பாவலா பண்ணினியா?"

விடிந்தும் விடியாததுமாய்க் குதைலா ஆரம்பித்துவிட்டாள். அவள் மடியில் பேத்தி ஜுமானா காலை உதைத்து அழுதுகொண்டிருந்தாள். மருமகள் ரைதா மேல்துணியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி வாற்கோதுமை திரிக்க உட்கார்ந்தாள்.

"கொடுத்தேன் மாமி..."

"கொடுத்திருந்தா ஏன் இப்படிக் கத்துறா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. முயல் எலும்பத் தாயத்தாக் கட்டினேன், கேக்கல. உன் வாயில அந்தப் புது மார்க்கத்து வார்த்தை இருக்கிற வரைக்கும் எதுவும் கேக்காது. தெய்வங்களுக்குக் கோபம் வந்து உன் பால வத்த வச்சிட்டாங்க."

ரைதா திரிகையைச் சுற்றினாள். பதில் சொன்னால் ஒரு குற்றம், சொல்லாவிட்டால் திமிர் என்று இன்னொரு குற்றம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது மக்காவுக்கும் பொருந்தும்.

அது மக்காவில் பொல்லாத காலம். இறைவன் ஒருவனே என்று சொன்ன தூதரைக் கைவிட மறுத்த குலத்தாரை, மக்காவை ஆண்ட குறைஷித் தலைவர்கள் ஊரை விட்டே ஒதுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு எதையும் விற்கக்கூடாது, அவர்களிடம் வாங்கக்கூடாது, பெண் கொடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது என்று உடன்படிக்கை எழுதி, கஅபா ஆலயத்துக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் குலமும் அதை அண்டி வாழ்ந்தவர்களும் மலையிடுக்கில் ஒரு பள்ளத்தாக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். ரைதாவின் அண்ணன் ஸாயிபும் அவன் மனைவி லுபைனாவும் அங்கேதான் இருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பிள்ளைகள் பசியில் அழுவது ஊருக்குள் கேட்கும். கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். வேறென்ன சொல்ல?

"மத்த வீட்டுல எல்லாம் அந்தக் கூட்டத்து மருமகள்கள விரட்டிட்டாங்க" என்றாள் குதைலா. "என் மகன் நுஃபைல் முகத்துக்காகத்தான் உன்ன வச்சிருக்கேன். அத ஞாபகத்துல வச்சுக்க."

"மறக்கல மாமி."

மறக்கவில்லைதான். மறக்காமலே மறைத்தாள். தினமும் காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு அடுப்புக்குக் கருவேல முள் பொறுக்கப் போவாள். மலைக்குப் பின்புறம் ஒரு பாறை மறைவில் லுபைனா காத்திருப்பாள். கைக்குழந்தை இயாஸ், ஜுமானாவைவிடக் கொஞ்சம் இளையவன். இலையையும் வேகவைத்த பழைய ஆட்டுத்தோலையும் தின்ற அந்தத் தாய்க்குப் பால் அடியோடு வற்றிவிட்டது. ரைதா அண்ணன் மகனை மடியில் வாங்கிப் பால் கொடுப்பாள். வீடு திரும்பும்போது சொந்த மகளுக்குப் பாதிதான் மிஞ்சும்.

முதல் நாள் லுபைனா பிள்ளையைத் தர மறுத்தாள். "உன் மாமிக்குத் தெரிஞ்சா உன்ன வெட்டிப் போட்டுடுவாங்க. உன் வாழ்க்கையக் கெடுத்துத்தான் என் புள்ள பிழைக்கணுமா? வேணாம் ரைதா... போயிடு."

"மாமிதான் மதினி அனுப்பினாங்க" என்று சொல்லிவிட்டாள் ரைதா. "யாருக்கும் தெரியாமப் போய்க் கொடுத்துட்டு வான்னு சொன்னாங்க. வெளியிலதான் கடுமை. உள்ளுக்குள்ள ஈரம்."

வாழ்நாளில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். இறைவன் மன்னிப்பான் என்று நம்பினாள். மாமி மன்னிப்பாள் என்று நம்பவில்லை.

ஜுமானா நாளுக்கு நாள் மெலிந்தாள். குதைலா ஒரு முடிவுக்கு வந்தாள். பாலைவனத்திலிருந்து செவிலித்தாய்கள் வரும் பருவம் அது. மக்காவின் நல்ல வீடுகளில் பிள்ளைகளை அவர்களோடு அனுப்புவது வழக்கம்தான். ஆனால் மகளைத் தானே வளர்ப்பது ரைதா கணவனிடம் கெஞ்சி வாங்கிய வரம்.

செவிலி வந்தாள். கோவேறு கழுதையை வாசலில் கட்டிவிட்டு, ஜுமானாவை மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை ஆவலாய் முட்டி முட்டிக் குடித்தது. பார்த்துக்கொண்டிருந்த குதைலாவின் கண் கலங்கியது.

"பாத்தியாடி... எத்தன நாள் பசியோ என் தங்கத்துக்கு."

நுஃபைல் மனைவியின் முகத்தையே பார்த்தான். ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்று அவள் சொல்லட்டும், அம்மாவைத் தடுத்துவிடலாம் என்று காத்திருந்தான். ரைதா சொல்லவில்லை. மகள் அங்கே வயிறார உண்பாள். இங்கே இருக்கும் பால் முழுவதும் இயாஸுக்குப் போகும். ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் குழிக்கு அனுப்புவதைவிட இது மேல் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. மகளின் உச்சியை முகர்ந்து கொடுத்துவிட்டாள். அழவும் இல்லை. அழ ஆரம்பித்தால் கொடுக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

கழுதை தெருமுனை திரும்பியதும் நுஃபைல் கேட்டான். "வளர்ந்து நடக்கிற வரைக்கும் பாக்க முடியாது. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"நல்லா இருப்பா... அங்க நல்ல காத்து."

"காத்தப் பத்தி நான் கேக்கல" என்று அவன் வெளியே போய்விட்டான்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். இவள் மனம் கல் என்று அந்த வீடு முடிவு கட்டிவிட்டது. அன்று முதல் நுஃபைல் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதையும் நிறுத்தினான்.

குதைலாவும் பிள்ளை பெற்றுச் செவிலியிடம் கொடுத்துப் பிரிந்தவள்தான். பிள்ளையைச் செவிலியிடம் விட்டால் தாய்க்கு மார் கட்டி, காய்ச்சல் அடிக்கும், படுக்க முடியாது. ரைதாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை; பால் வற்றியவளுக்கு அது வராது. சரிதான். ஆனால் ஒரு காலை, முள் பொறுக்கக் கிளம்பிய ரைதாவின் முன்துணி நனைந்திருந்ததைக் கிழவியின் கண் பார்த்துவிட்டது. வற்றவில்லை. வற்றாத பால் எங்கே போகிறது?

பின்னாலேயே போனாள். பாறை மறைவில் மருமகள் யாரோ ஒரு பிள்ளையை மடியில் போட்டு, தாலாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். லுபைனா தூரத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேத்திய ஊர் பேர் தெரியாதவகிட்டத் தள்ளிட்டு... இங்க யார் புள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருக்க?"

ரைதா பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "அண்ணன் மகன் மாமி... சத்தம் போடாதீங்க. மதினி வர்ற வரைக்கும் பொறுங்க. இவனக் கீழ போட்டுட்டு எப்படி வர்றது?"

குதைலா தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றாள். லுபைனாவின் காலடி கேட்டதும் ரைதா பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் கையை முறுக்கிப் பிடித்தபடியே மாமி வீடு சேர்ந்தாள்.

நுஃபைல் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டான்.

"தலைவருங்களுக்குத் தெரிஞ்சா வணிகக் கூட்டத்துல உன்னச் சேப்பாங்களாடா?" என்று குமுறினாள் குதைலா. "நம்மளையும் அந்தப் பள்ளத்துல தள்ளுவாங்க. உடன்படிக்கைய மீறிட்டா உன் பொண்டாட்டி."

"உடன்படிக்கையில விக்கக்கூடாது, வாங்கக்கூடாதுன்னுதான் இருக்கு மாமி" என்றாள் ரைதா. "நான் விக்கல... பாலப் பத்தி அதுல ஒரு வார்த்தையும் இல்ல. என் பாலக் குடிச்சவன் உங்க மகனுக்கும் மகன்தான், ஜுமானாவுக்குக் கூடப் பிறந்தவன்தான். இது நான் சொல்றதா? நம்ம வழக்கம்தானே... அவன் உங்க பேரன் மாமி."

"வாய மூடு. பட்டினிக் கூட்டத்துப் புள்ள எனக்குப் பேரனா? இனி வாசலத் தாண்டினா இந்த வீடு உனக்கு இல்ல. என் மகன் உன்ன விலக்கிடுவான். ஜுமானா திரும்பி வரும்போது, உனக்கு உம்மாவே கிடையாதுன்னு சொல்லி வளத்துக்குவேன்."

ரைதா கணவனைப் பார்த்தாள். அவன் எதிர்த்தும் பேசவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. வாயில்லாப் பூச்சியாய் நின்ற அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

வீட்டுக்குள் அடைபட்ட அந்த நாட்களில் ரைதாவுக்கு மார் கல்லாய்க் கனத்தது. காய்ச்சல் கண்டது. வலி தாங்காமல் சுவரோரம் பாலைப் பீய்ச்சிவிட்டாள். மண் அதை உறிஞ்சுவதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். மகளைக் கொடுத்தபோது அடக்கிவைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. பள்ளத்தாக்கின் அழுகைகளில் இயாஸின் குரல் அவளுக்குத் தனியாகத் தெரியும். கீச்சென்று ஏறி, நடுவில் விக்கி, மறுபடி ஏறும். அது நாளுக்கு நாள் இளைத்தது.

ஒரு காலை காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. மற்றப் பிள்ளைகளின் அழுகை வந்தது. அவன் குரல் மட்டும் வரவில்லை.

ரைதா எழுந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். மாமியின் முன்னால் போய் நின்றாள்.

"நான் போறேன் மாமி. திரும்பி வரக்கூடாதுன்னா வரல... ஜுமானா வந்தா, உன் உம்மாவுக்கு உன்னப் பிடிக்காமப் போகலன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்."

"பெத்த புள்ளையவே விட்டுட்டுப் போறியா?"

"அவளுக்கு நீங்க இருக்கீங்க. அவனுக்குப் பால் கொடுக்க யாரும் இல்ல."

திட்டுவதற்குக் குதைலாவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் வந்ததில்லை. மருமகள் தெருவில் இறங்குவதைப் பார்த்தாள். பிறகு, ஏன் என்று தெரியாமலே, தானும் பின்னால் நடந்தாள்.

பள்ளத்தாக்கின் வாயில் பெண்கள் கூட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லுபைனா. மடியில் இயாஸ் இருந்தான். கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

ரைதா அப்படியே மண்டியிட்டாள். "வந்துட்டேன்டா... அத்தை வந்துட்டேன்டா... கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக்கூடாதா?" அவள் துணி நனைந்துகொண்டிருந்தது. பாலுக்குத் தெரியவில்லை, குடிக்க ஆள் இல்லை என்று.

லுபைனா அழுது ஓய்ந்த கண்ணோடு நிமிர்ந்தாள். பின்னால் நின்ற குதைலாவைக் கண்டதும் பிள்ளையை ரைதாவிடம் கொடுத்துவிட்டு, தட்டுத்தடுமாறி எழுந்துவந்து அவள் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கதானே ரைதாவோட மாமி? சொல்லியிருக்கா... எல்லாம் சொல்லியிருக்கா. நீங்கதான் அவள அனுப்பி வச்சீங்க. என் புள்ளைக்குப் பால் பத்தலன்னு சொந்தப் பேத்தியவே பாலைவனத்துக்கு அனுப்பினீங்க. யார் செய்வா இத? தினமும் உங்களுக்காகத்தான் இறைவன்கிட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன். உங்க புண்ணியத்துல அவன் இத்தன நாள் இருந்தான்... அவன் ஆயுசு அவ்வளவுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

குதைலா மருமகளைப் பார்த்தாள். ரைதா தலை நிமிரவே இல்லை.

கன்னத்தில் அறைந்திருந்தால் குதைலா தாங்கியிருப்பாள். அந்த முத்தத்தைத் தாங்க முடியவில்லை. தான் கொடுக்காத பாலுக்கு நன்றி. தான் அடைத்துவைத்த கதவுக்கு நன்றி. மண்ணில் உட்கார்ந்தாள்.

"இங்க கொண்டா" என்றாள்.

ரைதா பிள்ளையை நீட்டினாள். குதைலா அதன் முகத்தைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்தாள். எலும்பாய் இருந்த காலைத் தடவினாள். பிறகு, இரத்த உறவு போனால் மட்டுமே மக்காப் பெண்கள் செய்வதைச் செய்தாள். சட்டைக் கழுத்தைப் பிடித்து மார்புவரை கிழித்தாள். மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் ஒப்பாரி மலையில் மோதித் திரும்பியது.

பள்ளத்தாக்கைக் கண்காணிக்க நின்றிருந்த குறைஷிப் பெரியவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தார். "குதைலா, உனக்குப் புத்தி பிசகிடுச்சா? இது ஒதுக்கப்பட்டவங்க இடம். அந்தப் புள்ள உனக்கு யாரு?"

"என் பேரன்."

"எந்த வழியில?"

"என் வீட்டுப் பால் குடிச்ச வழியில. போய் உங்க சபையில சொல்லுங்க. என் மகன் நுஃபைலோட மகன் இங்க பட்டினியில செத்துக் கிடக்கான்னு சொல்லுங்க. நுஃபைல வந்து அடக்கம் பண்ணச் சொல்லுங்க."

பெரியவர் நின்றார். பிறகு கோலை ஊன்றித் திரும்பிப் போனார். உறவென்று ஒருத்தி சட்டையைக் கிழித்துவிட்டால் அதற்கு மேல் அரபு மண்ணில் வாதாட யாருக்கும் வாய் வராது.

நுஃபைல் வந்தான். இந்த முறை அம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்கவில்லை. பிள்ளையைத் தானே கையில் வாங்கிக்கொண்டு, ஸாயிபோடு சேர்ந்து குழி வெட்டினான்.

மண் தள்ளி முடிந்ததும் குதைலா மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "என்ன ஏன்டி நல்லவளாக்கின... நான் அப்படி இல்லன்னு உனக்குத் தெரியுமே..."

ரைதா மாமியின் கிழிந்த கழுத்தைத் தன் முக்காட்டால் மூடிவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பெண்கள் கூட்டத்தில் எங்கோ ஒரு பிள்ளை மெல்ல முனகியது. அழக்கூடத் தெம்பில்லாத முனகல். அதன் தாய், கேட்க வெட்கப்பட்டு, பிள்ளையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். குதைலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் அந்தப் பிள்ளையை வாங்கிவந்து ரைதாவின் மடியில் வைத்தாள்.

ரைதா நிமிர்ந்து பார்த்தாள். "என்னால முடியல மாமி... இப்பத்தானே அவன..."

"முடியாதுதான். கொடு" என்றாள் குதைலா. ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று பள்ளத்தாக்கின் வாயைப் பார்த்தபடி, மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.