மூன்று மீட்டர்

உள்ளறை வாசலில் ஏதோ கறுப்பு விரிப்பு கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சமையலறையிலிருந்து ஈரத்துணியும் கையுமாக வந்தவள், அது விரிப்பில்லை என்று புரிந்ததும் நின்றுவிட்டாள். கூடத்து விளக்கின் வெளிச்சம் வாசற்படியோடு கத்தியால் நறுக்கினாற்போல் முடிந்திருந்தது. அதற்கப்பால் அறையே இல்லை, வெறும் கறுப்பு.

வெளிச்சம் அப்படி நிற்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அனிமேஷன் படங்களுக்குக் கம்ப்யூட்டருக்குள் விளக்கு வைப்பதுதான் அவள் பிழைப்பு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. தேய்ந்துகொண்டே போகுமே தவிர ஒரேயடியாக அற்றுப்போகாது. ஆனால் அந்தக் கடைசித் துளியையும் கணக்குப் போட்டால் மெஷின் நாள் முழுக்க முக்கும். அதனால் இத்தனை மீட்டரோடு சரி என்று வெட்டிவிடுவார்கள். காலையில் அதைத்தான் செய்தாள். சோம்பேறித்தனமாகத் தன் வீட்டையே டேப் பிடித்து அளந்து படத்து வீட்டைக் கட்டியிருந்தாள். அதில் கூடத்து விளக்கை மூன்று மீட்டரில் வெட்டச் சொன்னவர் டைரக்டர்.

"அந்த உள்ரூமை யாருங்க பாக்கப் போறா? இருட்டா இருந்துட்டுப் போகட்டும், விடுங்க" என்றார் போனில்.

விட்டாள்.

அந்த உள்ளறையில்தான் இப்போது அவளுடைய ஆறு வயது மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

கண்தான் கெட்டுவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டர் திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று பகலிலும் வீட்டை மூடிவைப்பவள். கனத்த திரைச்சீலைகளுக்கு வெளியே மத்தியானம் மூன்று மணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தொழிலில் சூரியனுக்கு மட்டும் தேய்வு கிடையாது, எவ்வளவு தூரம் போனாலும் அதே வெளிச்சம். ஓடிப்போய்த் திரைச்சீலையை விலக்கினாள். வெயில் தூசி மினுங்க உள்ளே பாய்ந்தது, சோபாவைத் தாண்டியது, தரையில் ஓடியது, வாசற்படிக்கு வந்தது.

அங்கேயே நின்றது.

"பாப்பா?"

மருந்து வாசனை மட்டும் வந்தது.

"அம்மா கூப்பிடறேன்ல. எந்திரிச்சு இங்க வா கண்ணு."

கட்டில் முனகியது. பிறகு தூக்கக் குரல்.

"போதும்மா... துணி ரொம்ப ஜில்லுனு இருக்கு."

துணி அவள் கையில் இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போக வேண்டும். கால் வரவில்லை. கையை நீட்டினாள். மணிக்கட்டோடு கை காணாமல் போனது. வலியில்லை. குளிர்.

யாரோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பொறுமையாக. துணியை வாங்கிக்கொண்டார்கள்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இருட்டுக்குள் துணியைப் பிழியும் சத்தம். தண்ணீர் சொட்டும் சத்தம்.

மகள் மெதுவாகக் கேட்டாள். கேட்டது இவளிடம் அல்ல.

"அம்மா, வாசல்ல நிக்கறது யாரும்மா?"