ஐந்தாவது மணி

பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டபோது லீடருக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே ஒரு தட்டு, அதுவும் தொண்டை கட்டிய ஆள் செருமுவதுபோல, இழுவையே இல்லாத ஒலி. போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், இனி நீ ஒருத்தன்தான் பாக்கி, போய்த் தொலை என்று முனகிக்கொண்டே ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டினார். யாரும் தாண்டிப் போகவில்லை.

அவர்தான் கடைசி ஆள். மற்ற மூன்று பேரும் முன்னால், வாய்க்கால் சாலையின் நேர்கோட்டில், மூன்று பொட்டுகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். லீடர் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு கடைசியில் வருவதைவிடக் கேவலம் வேறில்லை என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே மிதித்ததில் அவருக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில் ஞாயிறு தவறாமல் ஐந்து பேர் போவார்கள். வீட்டிலிருந்து மதகடி டீக்கடை வரை பதினோரு கிலோமீட்டர். அதற்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெடலை மிதித்தால் பேச்சு கெட்டுவிடும் என்பதுபோல மிதிப்பார்கள். சினிமா, வேலை, யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யார் யாரிடம் திட்டு வாங்கினார்கள் எல்லாம் அந்தச் சாலையில்தான் பேசி முடிக்கப்பட்டது. லீடர் அப்போது டெலிபோன் லைன்மேன். இப்போது ஓய்வு.

அந்தச் சவாரியை இன்னொரு தடவை போய்விட வேண்டும் என்று நாலு மாதமாக எல்லாரையும் நச்சரித்துக் கூட்டிக்கொண்டு வந்தால், வந்தவர்களின் லட்சணம் சொல்லி மாளாது. ஒட்டகம் என்று பெயர் வாங்கிய உயரமானவர் தர்பூசணித் தோல் மாதிரி ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். கம்பவுண்டர் கையில் பேசும் வாட்ச். மாப்பிள்ளை, அதாவது கூட்டாளியாக இருந்து லீடரின் தங்கையையே கட்டிக்கொண்டவர், உடம்போடு ஒட்டிய பச்சை உடுப்பில் வந்திருந்தார். மூன்று பேருக்கும் கியர் சைக்கிள். லீடர் மட்டும் பரணிலிருந்து பழைய சைக்கிளை இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து துரு சுரண்டி, மணிக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மெதுவா போலாம்டா. பேசிக்கிட்டே போலாம்" என்றார் கிளம்பும்போது.

"பேசலாம் மச்சான். அங்க போய் உக்காந்து நல்லா பேசலாம்" என்றார் மாப்பிள்ளை.

"ஸ்பீடு இருபதுக்குக் கீழ எறங்கினா இது கத்தும்" என்று வாட்சைக் காட்டினார் கம்பவுண்டர்.

அங்கே போய் உட்கார்ந்து பேசுவதற்குப் பஸ்ஸிலேயே போயிருக்கலாமே என்று லீடர் கேட்க வாயெடுப்பதற்குள் மூன்று பேரும் நூறு அடி தள்ளிப் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையும் தங்கையும் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் போகிறார்கள். விமானம் ஏறிப் போகிற தூரம். அதற்குமுன் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. போனில் சொல்ல முடியாது. போன் கம்பியோடு வாழ்ந்த மனிதர், அதில் எதைச் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். எதிரும் புதிருமாக உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டும் சொல்ல முடியாது. பக்கத்தில் பக்கத்தில், சாலையைப் பார்த்துக்கொண்டு, தோளில் கை இருக்கும்போது மட்டும்தான் சொல்ல முடியும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

முதல் வளைவில் மூன்று பேரும் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். லீடருக்கு அப்பாடா என்று இருந்தது. மூச்சு இரைக்க, முழங்கால் விண்விண் என்று தெறிக்க, அவர் போய்ச் சேர்ந்து பிரேக் பிடித்ததுதான் தாமதம், மாப்பிள்ளை பெடலில் காலை வைத்தார்.

"வந்துட்டியா? சரி, கிளம்பலாமா?"

"டேய், நான் இப்பத்தானடா வர்றேன்."

"நாங்க ரெஸ்ட் எடுத்தாச்சு மச்சான்."

இதுதான் லீடரைக் கொதிக்க வைத்தது. வேகமாகப் போகிறவனுக்கு ஓய்வு, மெதுவாக வருகிறவனுக்கு ஓட்டம். "ஏன், எனக்குப் பின்னாடியும் ஒருத்தன் வர்றான். அவனுக்காகவாவது ரெண்டு நிமிஷம் நில்லுங்களேன்" என்றார், எகத்தாளமாக.

ஒட்டகம் கழுத்தை நீட்டி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "ஆமா, வர்றான். உன்னைவிட மெதுவா வர்றானே, பாவம்" என்று சிரித்துவிட்டு மிதிக்கத் தொடங்கினார்.

லீடர் திரும்பிப் பார்த்தார். அரை மைல் நீளத்துக்குச் சாலை காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், நடுவே சிதறிய வெயில், இடதுபக்கம் அசையாமல் வாய்க்கால் தண்ணீர். ஈர மண்ணும் பாசியும் கலந்த வாடை. அதற்குள்ளே மெல்லியதாக இன்னொரு வாசனை, சட்டென்று பிடிபடாத ஒன்று. ஒட்டகத்துக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தாரே தவிர, முதுகில் ஏதோ ஊர்ந்தது.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பேச்சு மும்முரத்தில் யாராவது பின்தங்கிவிட்டால் தெரியாது. அதற்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பார் மோதிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிற லீடர் ஒரு தட்டு தட்டுவார். அடுத்தவன் ஒரு தட்டு, அதற்கடுத்தவன் ஒரு தட்டு என்று மணி பின்னோக்கிப் போகும். ஐந்தாவது மணி கேட்டதும் லீடர் நீளமாக ஒரு தடவை அடிப்பார். எல்லாரும் இருக்கிறோம், போகலாம் என்று அர்த்தம். ஐந்தாவது மணி எப்போதும் ஆமையினுடையது.

ஆமை மெதுவாக வருவான் என்பதால் ஆமை. மணியின் மூடி கீறல் விட்டிருக்கும், தட்டினால் செத்த ஒலி வரும். மாற்றடா என்றால், என் மணி எதுன்னு உங்களுக்குத் தெரியணும்ல என்பான். செயினுக்குத் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைத்தான் விடுவான்.

தேங்காய் எண்ணெய். அந்த வாசனைதான்.

இரண்டாவது வளைவு வந்துவிட்டது. மூன்று பேரையும் காணோம். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் தானாக மணியைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான், ஏன் தட்டினோம் என்று லீடர் விரலை இழுத்துக்கொண்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிற நேரம் சாலை சும்மா இருந்தது.

பின்னாலிருந்து ஒரு தட்டு. செத்த ஒலி.

கம்பியில் காதை வைத்துப் பழுது எங்கே என்று சொன்ன காது அவருடையது. அந்த ஒலியில் அவர் ஏமாற வழியில்லை. கடைசியாக அது கேட்காமல் போனதும் இதே வளைவில்தான். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. ஆமைக்காகக் காத்துக் காத்து ஆறு தடவை நின்றாகிவிட்டது, டீக்கடை மூடுகிற நேரம், எல்லாருக்கும் பசி. லீடர் தட்டினார், மாப்பிள்ளை தட்டினார், கம்பவுண்டர், ஒட்டகம். அப்புறம் ஒன்றுமில்லை. வாய்க்கால் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்ததுபோல மட்டும் ஒரு சத்தம்.

"கேட்டுச்சா லீடர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"கேட்டுச்சு" என்றார் லீடர். நீளமாக மணி அடித்தார்.

மூன்றாம் நாள் ஆமையை வாய்க்காலிலிருந்து சைக்கிளோடு எடுத்தார்கள். கால் செயினில் சிக்கியிருந்ததாம். மார்பளவுத் தண்ணீர். யாராவது திரும்பி வந்து கைகொடுத்திருந்தால் எழுந்து வந்திருப்பான் என்று எடுத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை அன்றைக்கு அழுதது ஆமைக்காக மட்டுமல்ல. மூடிய டீக்கடை வாசலிலேயே ஒரு மணி நேரம், இதோ வந்துவிடுவான், அதோ வந்துவிடுவான் என்று உட்கார்ந்திருந்ததற்காக. நாம முன்னாடியே திரும்பிப் போயிருக்கணும் மச்சான் என்று இன்று வரை சொல்கிறார். அது உன் தப்பு இல்லை, நான் பொய் சொன்னேன் என்ற ஒரே வரி லீடருடைய தொண்டையில் முப்பத்தோரு வருஷமாக நிற்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்ல விடாமல் வாட்ச் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்களே என்று இப்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாப்ள!" என்று கத்தினார். "டேய் மாப்ள! நில்லுடா!"

பின்சக்கரத்து ஃப்ரீவீல் சத்தம் மட்டும் கேட்டது. டிக், டிக், டிக். மிதிக்கும்போது தன் சக்கரம் சத்தம் போடாதே என்று மிதிப்பதை நிறுத்திப் பார்த்தார். அவருடையது ஒன்று, அதை ஒட்டினாற்போல இன்னொன்று. அவர் மிதித்தால் அதுவும் மிதித்தது. கொஞ்சமும் அவசரமில்லாத மிதி. பேசிக்கொண்டே போகிறவர்களின் மிதி. நாலு மாதமாக அவர் கேட்டு அலைந்த அதே மிதி.

எழுந்து நின்று மிதித்தார். முழங்கால் கழன்றுவிடும்போல இருந்தது. மரங்கள் ஓடின, மைல்கல் ஓடியது, வியர்வை கண்ணில் இறங்கியது. தேங்காய் எண்ணெய் வாசனை கொஞ்சம்கூடப் பின்தங்கவில்லை.

மூன்றாவது வளைவு திரும்பியதும் வெயில் முதுகுக்கு வந்தது. அவருடைய நிழல் முன்னால் நீளமாக விழுந்தது.

பக்கத்தில் இன்னொரு நிழல்.

மெல்ல முன்னேறியது. சக்கரம். கை. தலை. இரண்டு நிழலும் சமமாக வந்தன. லீடர் திரும்பவில்லை. சாலையையே பார்த்தார்.

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரம். சட்டை வழியாகக் குளிர் இறங்கியது.

"லீடர்" என்றது குரல். கோபமே இல்லாத குரல். ஞாயிற்றுக்கிழமைக் குரல். "கேட்டுச்சா?"

மன்னிச்சிடுடா என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"கேட்டுச்சு."

"சரி. அப்ப நான் முன்னாடி போறேன். அவங்க எனக்காக ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்தாங்கல்ல." கை தோளை ஒரு தடவை அழுத்தியது. "நீ மெதுவா வா."

நிழல் அவரைத் தாண்டியது. பிறகு உருவம் தாண்டியது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சைக்கிள்.

ஆமையின் இருபத்திரண்டு வயது முதுகைத்தான் லீடர் எதிர்பார்த்தார்.

கட்டம் போட்ட சட்டை. காலையில் அவர் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட சட்டை. பின்மண்டையில் அவருடைய வழுக்கை. வலது முழங்காலைத் தூக்கி வைத்து மிதிக்கிற அவருடைய மிதி.

தூரத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை நிஜமாகவே நின்றிருந்தார்கள். கம்பவுண்டர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கையை ஆட்டினார். "வா மச்சான், மெதுவாவே வா! நாங்க எங்கயும் போகல!"

"நான் இங்க இருக்கேன்டா!" லீடர் கத்தினார். குரல் வரவில்லை. மிதித்தார். செயின் சுற்றியது. சக்கரம் சுற்றியது. பக்கத்தில் அதே மரம். அதே மரம். அதே மரம்.

அந்த உருவம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அதன் தோளில் கையைப் போட்டார். வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கையை ஒரு கணம் பார்த்தார். பச்சை உடுப்பில் துடைத்தார்.

பிறகு அதே கையை மறுபடி அந்தத் தோளிலேயே வைத்துக்கொண்டார். நான்கு பேரும் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, மிக மிக மெதுவாக மதகடியை நோக்கிக் கிளம்பினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.